முக்குகிற குதிரைக்குட்டி: ஸ்கேன் சொல்வது என்ன?

கால்நடை: கேள்வி – பதில்

கேள்வி: “போடி மலையில் சுமை ஏற்ற மட்டக்குதிரைகள் வைத்திருக்கிறோம். ஒரு பெட்டைக் குதிரை ஆண் குட்டி ஈன்றது. முதல் நாள் குட்டி நன்றாகப் பால் குடித்தது. இரண்டாம் நாள் மாலையில் இருந்து வாலைத் தூக்கித் தூக்கி முக்கியது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தோம், இளநீரும் புகட்டினோம். போனில் பேசிய கால்நடை மருத்துவர், ‘சிறுநீர்ப்பையையும் சிறுநீரகத்தையும் ஸ்கேன் பார்க்க வேண்டும், உடனே கீழே கொண்டு வாருங்கள்’ என்றார். மறுநாள் இறக்கினோம். வழியிலேயே குட்டி போய்விட்டது. அடுத்த மாதம் இன்னொரு குதிரை ஈனப் போகிறது. பிறந்த குட்டிக்கு ஸ்கேன் அவசியமா? எந்த அறிகுறியைப் பார்த்தால் மலையிறங்க வேண்டும்?”
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர் வட்டம்

பதில்: தேனி மாவட்டத்து மலைப்பாதைகளில் குதிரை இன்றும் உழைக்கிற விலங்கு. பெரியகுளம் கும்பக்கரையில் இருந்து நடந்து ஏறும் வெள்ளகெவி போன்ற ஊர்களுக்கு அரிசி மூட்டை ஏறியதும், காபியும் மிளகும் இறங்கியதும் குதிரை முதுகில்தான். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் மலைக் கிராமங்களுக்குக் குதிரையில் போவதைச் செய்தியில் பார்க்கிறோம். பெட்டைக் குதிரை சினை சுமப்பது ஏறக்குறைய 11 மாதம், ஈனுவது பெரும்பாலும் ஒரே குட்டி. சுமை தூக்கும் கோவேறு கழுதையோ ஈனவே ஈனாது. ஆகவே ஒரு குட்டி போனால் ஒரு வருஷத்து வரவு போனதாகத்தான் கணக்கு.

நேரடியான பதில் இது. ஆரோக்கியமாகப் பிறந்த எல்லாக் குட்டிக்கும் ஸ்கேன் தேவையில்லை. குட்டி எப்போது நீர் விட்டது, எப்படி விட்டது என்பதைப் பிறந்த நேரத்தில் இருந்து கவனிப்பதுதான் எல்லாருக்கும் தேவை. அந்தக் கணக்கு தவறினால் ஸ்கேன் தேவைப்படும். அதை அன்றைக்கே பார்க்க வேண்டும்.

முதல் நாள் கணக்கு

குதிரை வளர்ப்பவர்களுக்கு 1, 2, 3 என்று ஒரு எளிய கணக்கு உண்டு. குட்டி 1 மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், 2 மணி நேரத்துக்குள் மடியில் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும்.

இதோடு சிறுநீர்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண் குட்டி சராசரியாகப் பிறந்த 6 மணி நேரத்தில் முதல் நீர் விடும். பெட்டைக் குட்டிக்குச் சற்றுத் தாமதமாகும், சுமார் 11 மணி நேரம். முதல் நீர் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். பால் நன்றாகக் குடிக்கத் தொடங்கியபின் தண்ணீர் போலத் தெளிவாக, அடிக்கடி போகும்.

எவ்வளவு போகும்? ஆரோக்கியமான குட்டி ஒரு நாளில் தன் உடல் எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை பால் குடிக்கும். மட்டக்குதிரைக் குட்டி 20 கிலோ இருந்தால் 4 முதல் 5 லிட்டர். அந்தக் குட்டி நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 லிட்டர் நீர் விடும். இவ்வளவு நீர் கண்ணில் படாமல் போகாது. இரவில் தெரியாது என்றால் குட்டி படுக்கும் இடத்தில் காய்ந்த சாக்கு விரித்து வையுங்கள். தூங்கும் குட்டியை மெதுவாக எழுப்பி விட்டாலும் போதும். எழுந்து, நெளிந்து, பெரும்பாலும் நீர் விட்டுவிட்டுத்தான் மடிக்குப் போகும்.

முக்குவதில் இரண்டு விதம்

வாசகர் வீட்டில் நடந்த குழப்பம் பல இடங்களில் நடப்பதுதான். பிறந்த குட்டி இரண்டு காரணங்களுக்காக முக்கும்.

ஒன்று, காட்டுப்பீ. தாய் வயிற்றில் இருக்கும்போதே குடலில் சேர்ந்த கறுத்த, பிசுபிசுப்பான மலம் இது. இது கட்டிப்போய் நின்றால் குட்டி முதுகை வில் போல மேலே வளைத்து, நான்கு காலையும் வயிற்றுக்கு அடியில் சேர்த்து வைத்து முக்கும். வாலைச் சுழற்றும், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். ஆண் குட்டிக்கு இடுப்பெலும்பு வழி குறுகல் என்பதால் இந்தத் தொல்லை சற்று அதிகம்.

இன்னொன்று, சிறுநீர்த் தொல்லை. இதில் குட்டி பின்னங்கால்களைப் பின்னால் அகட்டி வைத்து, முதுகை உள்வாங்கிக் கீழே தாழ்த்தி முக்கும். சொட்டுச் சொட்டாகவோ மெல்லிய தாரையாகவோ கொஞ்சம் வரும், அல்லது ஒன்றுமே வராது.

முதுகு மேலே வளைந்தால் மலம், உள்ளே தாழ்ந்தால் நீர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது. சந்தேகம் வந்தால் இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்பினால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

சிறுநீர்ப்பை கிழிந்தால் என்ன ஆகும்?

பிறந்த குட்டிக்கு வரும் சிறுநீர்த் தொல்லைகளில் உயிருக்கு உடனே ஆபத்தானது சிறுநீர்ப்பை கிழிவது. நீர் நிறைந்த பையோடு குட்டி பிறப்பு வழியில் அழுந்தி வரும்போது பையின் மேல்பக்கம் கிழிவது உண்டு. ஆண் குட்டிகளில் இது அதிகம். தொப்புளில் சீழ் பிடித்து, சிறுநீர்ப்பையோடு தொப்புளை இணைக்கும் குழாய் அழுகிக் கிழிவது இன்னொரு வகை. அது சில நாள் கழித்து வரும்.

கிழிந்த குட்டி முதல் நாள் நன்றாகவே இருக்கும். பால் குடிக்கும், துள்ளும். ஏமாற்றுவது இந்த முதல் நாள்தான். குடித்த பால் நீராகி, வெளியே போகாமல் வயிற்றுக்குள் கசிந்து சேரும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் குட்டி சோரும், பாலை விடும், வயிறு இரண்டு பக்கமும் தொங்கிப் பெருக்கும், மூச்சு வாங்கும். கொஞ்சம் நீர் வெளியே போகிறதே என்று நிம்மதி அடையக் கூடாது. பை கிழிந்த குட்டியும் கொஞ்சம் நீர் விடும்.

வயிற்றுக்குள் தேங்கிய நீரில் உள்ள பொட்டாசியம் மீண்டும் ரத்தத்தில் ஏறுகிறது. ரத்தத்தில் சோடியம் குறைகிறது. பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடும். நடந்து வந்த குட்டி திடீரென்று சாய்வதற்கு இதுதான் காரணம். அதனால்தான் இப்படிப்பட்ட குட்டியை மருத்துவர்கள் உடனே அறுவைக்கு எடுப்பதில்லை. வயிற்று நீரை மெதுவாக வடித்து, சலைன் ஏற்றி, உப்புகளைச் சரிசெய்த பிறகே மயக்க மருந்து கொடுத்துக் கிழிசலைத் தைக்கிறார்கள். காலத்தில் வந்த, வேறு கிருமித் தொற்று இல்லாத குட்டி பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஸ்கேன் எதைக் காட்டும்?

ஸ்கேன் என்பது ஒலி. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். ஸ்கேன் கருவி நொடிக்கு 50 லட்சம் அதிர்வும் அதற்கு மேலும் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. நீர் இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். எலும்பு வெள்ளையாகப் பளிச்சிடும். காற்று நிறைந்த குடலுக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு கிடையாது. குட்டிக்கு வலியும் இல்லை. ரோமத்தை மழித்தோ, ஸ்பிரிட் தடவி நனைத்தோ, அதன் மேல் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது.

மருத்துவர் முதலில் தேடுவது ஒரே ஒரு கேள்விக்கு விடை: நீர் எங்கே இருக்கிறது? பையில் நீர் நிறைந்து உருண்டையாக இருந்தால் நல்ல செய்தி. பை சுருங்கி மடிந்து கிடக்க, சுற்றிலும் கறுப்பு நீரில் குடல் மிதந்தால் கிழிசல் என்று சந்தேகிக்க வேண்டும். பிறகு வயிற்றில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுப்பார்கள். அதில் உள்ள கிரியாட்டினின் ரத்தத்தில் உள்ளதைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அது சிறுநீர்தான் என்று உறுதியாகிவிடும்.

விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இதில் இருக்கிறது. மாட்டுக்குச் சினை பார்க்கப் பயன்படும் கையடக்க ஸ்கேன் கருவியைக் குட்டியின் வயிற்றின் மேல் வைத்தாலே இந்த முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பெரிய நிலையத்தின் பெரிய கருவிதான் வேண்டும் என்று காத்திருந்து நேரத்தை இழக்க வேண்டாம். அருகில் உள்ள கால்நடை மருத்துவமனையில் சினை ஸ்கேன் கருவி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

சிறுநீரகம்: தோற்றம் வேறு, வேலை வேறு

அடுத்தது சிறுநீரகம். குதிரையின் வலது சிறுநீரகம் இதய வடிவில் கடைசி விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கும். விலா இடுக்குகளில் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். இடது சிறுநீரகம் அவரை விதை வடிவம். கடைசி விலாவுக்குப் பின்னால், இடுப்புக் குழிப் பக்கம் தெரியும். குட்டியின் தோலும் தசையும் மெல்லியவை என்பதால் பெரிய குதிரையைவிடக் குட்டியில் படம் தெளிவாக விழும்.

இரண்டும் இருக்கின்றனவா, அளவு ஒத்திருக்கிறதா, வெளிப்பகுதியும் உட்பகுதியும் பிரிந்து தெரிகின்றனவா, நடுக்குழியில் நீர் தேங்கி வீங்கியிருக்கிறதா, நீர்க்கட்டிகள் உண்டா என்று பார்ப்பார்கள். பிறவியிலேயே சிறுத்துப்போன சிறுநீரகமும் அடைப்பால் வீங்கியதும் ஸ்கேனில் அகப்படும்.

ஆனால் ஸ்கேன் காட்டுவது உருவத்தை மட்டும். வேலை செய்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். திடீரென்று பழுதான சிறுநீரகம் படத்தில் சாதாரணமாகவே தெரியலாம். கிருமியால் சிறுநீரகத்தில் பொடிப்பொடியாகச் சீழ்ப்புள்ளிகள் விழும் நோய் ஒன்று உண்டு. குட்டி தூங்கி வழிந்து ஓரிரு நாளில் இறந்துவிடும். அந்தப் புள்ளிகள் ஸ்கேனில் தெரியாமல் போகலாம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாத தாய்க்குப் பிறந்த குட்டியின் ரத்தத்தில் முதல் நாள் கிரியாட்டினின் மிக அதிகமாக இருக்கும். அதைப் பார்த்துச் சிறுநீரகம் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் 24 மணி நேரத்தில் அது பாதிக்குக் கீழே இறங்கிவிடும், இரண்டு மூன்று நாளில் சரியாகும். அதனால்தான் மருத்துவர் மறுநாளும் ரத்தம் கேட்கிறார். நேற்றுத்தானே எடுத்தார்கள் என்று மறுக்காதீர்கள். ஸ்கேனையும் இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கொடுக்கக் கூடாதவை

* இளநீர்: மனிதருக்கு நீர்க்கடுப்பு என்றால் இளநீர் கொடுக்கும் பழக்கத்தில் குட்டிக்கும் புகட்டுகிறார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். பை கிழிந்த குட்டிக்குப் பொட்டாசியம்தான் எமன். ஒரு மடக்கும் வேண்டாம்.

* நெருஞ்சில், சிறுபீளைக் கஷாயம்: நீர் பிரியச் செய்வதால் கிழிந்த பைக்கு லாபமில்லை. சோர்ந்த குட்டிக்கு வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு.

* விளக்கெண்ணெய்: பிஞ்சுக் குடலை எரித்துப் பேதியாக்கும். காட்டுப்பீ கட்டியிருந்தால் இனிமா கொடுப்பது மருத்துவர் வேலை.

* கடையில் வாங்கிப் போடும் வலி ஊசி, ஜென்டாமைசின் ஊசி: இரண்டும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. பால் குடிக்காமல் உடல் வறண்ட குட்டிக்குப் பாதிப்பு பல மடங்கு. மருத்துவர் போட்டால் எடை பார்த்து, சலைன் ஏற்றி, ரத்தம் சோதித்துப் போடுவார். வீட்டில் அந்த மூன்றும் நடக்காது.

மலையிறங்குவது எப்போது, எப்படி?

பிறந்து 12 மணி நேரமாகியும் நீர் விட்டதைப் பார்க்கவில்லை என்றால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். முதுகைத் தாழ்த்தி முக்குவது, சொட்டுச் சொட்டாக நீர், தொப்புள் எப்போதும் ஈரமாக இருப்பது, பாலை விடுவது, வயிறு பெருப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கும் ஓர் இரவில் வயிற்றுக்குள் ஒரு லிட்டருக்கு மேல் நீர் சேர்ந்துவிடும்.

தாய் மடி கனத்துப் பால் கசிகிறதா என்று பாருங்கள். குட்டி பாலை விட்டதற்கு அதுதான் முதல் சாட்சி.

குட்டியைத் தோளிலோ குதிரை முதுகிலோ குறுக்கே போட்டுக் கொண்டுவராதீர்கள், வயிறு அழுந்தும். டோலி கட்டி, சாக்கு விரித்து, குட்டியை ஒருக்களித்துப் படுக்க வைத்து இறக்குங்கள். தாயைக் கூடவே நடத்துங்கள். தாயைப் பிரிந்த குட்டி மிரண்டு துள்ளும். குளிர் நேரமானால் கம்பளி போர்த்துங்கள்.

ரோடு சேரும் இடத்துக்கு வாகனம் வேண்டுமானால் கால்நடை அவசர ஊர்திக்கான 1962 எண்ணுக்கு இறங்கத் தொடங்கும்போதே போன் செய்யுங்கள். மாவட்டத்திலேயே வீரபாண்டியில் தேனி கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் 2020 முதல் இயங்குகிறது. அறுவை தேவைப்படலாம் என்று உள்ளூர் மருத்துவர் சொன்னால், அவர் மூலமாகவே எங்கே போவது என்று பேசி முடிவு செய்துவிட்டுப் புறப்படுங்கள். அலைச்சலில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் குட்டியின் கணக்கில்தான் கழியும்.

கேள்வி: “சிறுநீரகக் கெடுதல் பிறந்த பிறகுதான் வருமா? ஈனும் முன்னரே ஏதாவது செய்ய முடியுமா?”

பதில்: பிறந்த குட்டியின் சிறுநீரகம் கெட முக்கியக் காரணம் கிருமித் தொற்று. அதற்குத் தடுப்பு சீம்பால். தாயிடம் இருந்து நோய் எதிர்ப்புப் பொருள் குட்டிக்குச் சீம்பால் வழியாகத்தான் வருகிறது. முதல் 6 மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் குடிப்பது மிக நல்லது. 24 மணி நேரம் கழிந்தால் குட்டியின் குடல் அதை உறிஞ்சாது.

ஈனும் இடம் காய்ந்த வைக்கோலோடு சுத்தமாக இருக்கட்டும். தொப்புள்கொடி தானாக அறட்டும், இழுக்க வேண்டாம். அறுந்த முனைக்கு மருத்துவர் சொல்லும் கிருமிநாசினியை முதல் நாளில் சில முறை தொட்டு வையுங்கள். கொடி காய்ந்து சுருங்க வேண்டும். மறுபடி ஈரமானால் அந்தக் குட்டிக்குத் தொப்புளையும் சேர்த்து ஸ்கேன் பார்க்க வேண்டும்.

சினைக் குதிரைக்குக் கடைசி மாதத்தில் சுமை ஏற்றாமல் இருப்பதும், ஈனும் நாள் நெருங்கும்போது கூடுமானால் ரோட்டு வசதி உள்ள இடத்துக்கு இறக்கி வைப்பதும் நல்லது. நோய் வந்தபின் குட்டியை இறக்குவதைவிட, ஈனும் முன் தாயை நடத்தி இறக்குவது எளிது.

கேள்வி: “கம்பத்தில் கிடா வளர்க்கிறோம். நீர் அடைத்து இரண்டு கிடா இறந்தன. அதற்கும் இதே ஸ்கேன்தானா?”

பதில்: கருவி அதேதான், காரணம் வேறு. குதிரைக்குட்டிக்குப் பிறக்கும்போது பை கிழிகிறது. கிடாவுக்கு வளரும் வயதில் கல் அடைக்கிறது. மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு என்று அடர்தீவனம் மிகுந்து, பசுந்தீவனமும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரில் கல் சேரும். கிடாவின் நீர்க்குழாய் நீளமாக வளைந்து குறுகியது என்பதால் அங்கே போய் நிற்கும். சின்ன வயதிலேயே காயடித்த கிடாவுக்குக் குழாய் இன்னும் குறுகல்.

ஸ்கேனில் பை பெருத்து நிறைந்திருந்தால் அடைப்பு, இன்னும் நேரம் இருக்கிறது. பை சுருங்கி வயிற்றில் நீர் பரவியிருந்தால் வெடித்துவிட்டது. அடைத்த சிறுநீரகம் நீர் தேங்கி வீங்கியிருப்பதும் படத்தில் தெரியும்.

தடுப்பு கையில்தான் இருக்கிறது. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 2 பங்குக்கு மணிச்சத்து 1 பங்கு என்ற அளவு வர வேண்டும். தவிடும் தானியமும் மணிச்சத்தைக் கூட்டுபவை, அவற்றைக் குறையுங்கள். நல்ல தண்ணீர் நாள் முழுவதும் இருக்கட்டும்.

நினைவில் வைக்க

குட்டி பிறந்ததும் ஒரு தாளில் ஏழு வரி எழுதி வையுங்கள்: பிறந்த நேரம், நின்ற நேரம், பால் குடித்த நேரம், காட்டுப்பீ போன நேரம், முதல் நீர் விட்ட நேரம், நீர் தாரையா சொட்டா, தொப்புள் காய்ந்ததா ஈரமா. மருத்துவர் போனில் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான். மலை மேல் இருப்பவருக்கு இந்தத் தாளே முதல் பரிசோதனை. ஸ்கேன் அதற்குப் பிறகு.